முள்சீத்தாவும் பத்தாயிரம் மடங்கும்

நம்பிக்கை: முள்சீத்தா கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வேகமாகப் புற்றுநோயைக் கொல்லும்.

உண்மை: புதுச்சேரி முத்தியால்பேட்டை வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்துவிட்ட இந்த வதந்தியின் வேர், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. முள்சீத்தா விதையிலிருந்து பிரித்த ஒரு சேர்மம், ஆய்வகத்தில் வளர்த்த எச்டி-29 என்ற குடல் புற்றுநோய்ச் செல்களிடம் அட்ரியாமைசின் என்ற கீமோதெரபி மருந்தைவிட அத்தனை மடங்கு வீரியம் காட்டியது. அவ்வளவுதான். அதில் பழம் இல்லை, இலைக் கஷாயம் இல்லை, நோயாளியும் இல்லை.

அந்தச் செல்கள் 1964இல் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. இயல்பான மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். இவற்றிலோ ஏறத்தாழ 70. செல் பிரியும்போதெல்லாம் குரோமோசோம்கள் உடையும், கூடும், குறையும். வேகமாக வளர்வதே பிழைக்கும். எனவே ஒரே பெயர் ஒட்டிய குப்பிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல் வரிசையின் 27 கிளைகளில் 321 சேர்மங்களைச் சோதித்தது. சில கிளைகளை வலுவாக ஒடுக்கிய சேர்மங்களில் முக்கால் பங்கேனும் வேறு சில கிளைகளிடம் துளியும் பலிக்கவில்லை. குப்பிக்குக் குப்பி மாறும் முடிவை மனித உடலுக்கு மருந்துச்சீட்டாக எழுதுவது அறிவீனம்.

தீங்கும் உண்டு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்கள் கூலிகளாகச் சென்ற குவாதலூப் தீவில், முள்சீத்தாவை அதிகம் உண்டோரிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் மிகுந்திருப்பதை 1999இல் 'லான்செட்' கட்டுரை சுட்டிக்காட்டியது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை; எச்சரிக்கைக்கு அது போதும்.

நம்பிக்கை: எலியில் கரைந்த கட்டி மனிதரிலும் கரையும்.

உண்மை: நோயாளியின் கட்டியை எலிக்குள் வளர்த்தாலும் அதன் மரபணுக்கள் வேறு திசையில் மாறக்கூடும்; எலியில் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்ற உறுதி இல்லை.

நம்பிக்கை: அப்படியானால் ஆய்வகச் செல்கள் வீண்.

உண்மை: மார்பகப் புற்றுநோய் ஈஸ்ட்ரோஜனுக்கு எப்படி இணங்குகிறது என்ற அறிவில் பெரும்பங்கு எம்சிஎஃப்-7 தந்தது. குறை செல்லில் இல்லை, செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்காத பழக்கத்தில் இருக்கிறது. பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்கிய குப்பியோடு ஆய்வேடு எழுதுவது நிற்க வேண்டும். புணேயின் தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியங்களில் செல்களைப் பெற்று, டிஎன்ஏ சோதனை செய்து, எத்தனை முறை மறுவளர்ப்பு நடந்தது என்பதையும் கட்டுரையில் எழுத வேண்டும்.

கட்டி தென்பட்டவர் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. நாள் கடத்தாமல் அங்கே செல்லுங்கள்.