மரத்தில் வாழும் கள்ளி

இரவு மணி பத்து. அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் சிலர் ஒரு பூந்தொட்டியைச் சுற்றி நிற்கின்றனர். வெண்ணிற மொட்டு ஒன்று மெல்ல விரிகிறது. அதன் நறுமணம் தாழ்வாரம் எங்கும் பரவுகிறது. “பிரம்ம கமலம் பூத்துவிட்டது!” என்று மகிழ்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் அதைக் ‘கெங் ஹுவா’ என்கிறார். எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் ‘பக்காவலி’ என்கிறார்.

இது ஒரு கள்ளிச்செடி என்றால் நம்புவீர்களா? கள்ளி என்றதும் முள்ளும் பாலைவனமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், மெக்சிகோவின் தெற்குப் பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள காடுகளே இதன் தாயகம். அங்கு இது மரக்கிளைகளின்மீது வளர்கிறது. தாவரவியலில் இதன் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம்.

மரத்தின்மேல் வாழ்ந்தாலும் இது ஒட்டுண்ணி அன்று. ஒட்டுண்ணி, தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சும். இக்கள்ளியோ வெளிச்சத்தைத் தேடியே மரத்தின்மேல் இடம்பிடிக்கிறது. மழையிலிருந்து நீரையும், கிளை இடுக்குகளில் மக்கிய இலைகளிலிருந்து சத்தையும் பெறுகிறது. இத்தகைய செடியைத் தொற்றுத்தாவரம் என்பர். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பாருங்கள். அவற்றின் கிளைகளில் கூடுபோல் அமர்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணியும் தொற்றுத்தாவரமே.

கிளையின்மேல் மண் இல்லை. மழை நின்றால் ஈரம் விரைவில் காய்ந்துவிடும். ஆகவே, இக்கள்ளி நீரைத் தன் உடலில் சேமிக்கிறது. இலைபோல் தட்டையாகத் தெரிவது உண்மையில் அதன் தண்டு. அதன் நுண்துளைகள் பெரும்பாலும் இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. பகல் வெயிலில் நீர் வீணாகாமல் இருக்க இது உதவுகிறது. பூவும் இரவில்தான் மலர்கிறது. இருளில் பறக்கும் அந்துப்பூச்சிகளை வெண்ணிறமும் மணமும் ஈர்க்கின்றன. தேக்கா சந்தையில் விற்கப்படும் டிராகன் பழம் இதன் உறவுக் கள்ளியின் கனி. அக்கள்ளியும் மரங்களைப் பற்றி ஏறும், இரவில் பூக்கும்.

பாட்டி முதலில் வளர்த்த செடி அழுகிப்போயிற்று. அன்போடு நாள்தோறும் ஊற்றிய நீரே அதற்குக் காரணம். களிமண்ணில் நீர் தேங்க, வேர்கள் காற்றின்றி மடிந்தன. தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசுவும் பெருகும். இப்போது அவர் மரப்பட்டைத் துண்டுகளும் கரியும் கலந்த மண்ணில் செடியை நட்டிருக்கிறார். மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுகிறார்.

விடிந்ததும் பூ வாடித் தொங்கியது. பாட்டி இரண்டு தண்டுகளை வெட்டி, வெட்டிய பகுதி உலரும்வரை நிழலில் வைத்தார். சில நாள்களுக்குப் பின்னர், ஒன்றைச் சீன அம்மையாரிடமும் மற்றொன்றை மலாய்ப் பெரியவரிடமும் கொடுத்தார். “நட்டு வையுங்கள். ஆனால், தண்ணீரை அளவோடு ஊற்றுங்கள்,” என்றார்.