குடியேற்றக் காலத்து விடுதியும் மக்கள் வாழ்வும்

மதுவிடுதி என்றதும் குடியும் கூச்சலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வட அமெரிக்கா பிரிட்டிஷாரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், ‘டாவர்ன்’ எனப்பட்ட விடுதி மக்கள் வாழ்வில் வேறு பல பணிகளையும் ஆற்றியது. அவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவதாக, அது வழிப்போக்கர்க்குப் புகலிடம். உணவும் படுக்கையும் குதிரைக்குத் தீனியும் அங்கே கிடைத்தன. விடுதி வைக்காத ஊர் தண்டம் கட்ட நேரிடும் என மாசச்சூசெட்ஸ் 1656இல் சட்டம் செய்தது. வர்ஜீனியாவிலோ, உரிமம் வழங்குவதும் சாப்பாடு, மது, படுக்கை ஆகியவற்றின் விலையை வரையறுப்பதும் வட்டார நீதிமன்றங்களின் பொறுப்பு. விலைப்பட்டியலை எல்லோரும் காண வைத்தல் வேண்டும். அயலூரான் ஏமாறலாகாது என்பதே கருத்து.

இரண்டாவதாக, அது செய்தி நிலையம். கடல்கடந்து வரும் அஞ்சலைப் பெற்று வைக்கும் இடமாக, பாஸ்டனில் ரிச்சர்டு ஃபேர்பேங்க்ஸின் விடுதி 1639இல் குறிக்கப்பட்டது. செய்தித்தாள் அங்கே உரக்கப் படிக்கப்படும்; எழுத்தறியாதவனும் உலகநடப்பை அறிவான்.

மூன்றாவதாக, அது அரசியல் அரங்கம். 1769 மே மாதம் ஆளுநர் வர்ஜீனியாச் சட்டமன்றத்தைக் கலைத்தார். உறுப்பினர்கள் வீடு திரும்பவில்லை. வில்லியம்ஸ்பர்க் நகரின் ராலே விடுதியில் கூடி, பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணிக்க உடன்படிக்கை செய்தனர். வாஷிங்டனும் ஜெபர்சனும் அதில் ஒப்பமிட்டனர். 1774 மே மாதத்திலும் மன்றம் கலைக்கப்பட்டது. மீண்டும் அங்கேயே கூடினர். சட்டமன்றக் கதவு ஆளுநர் சொற்படி மூடும். விடுதிக் கதவோ பணம் தருவோர்க்குத் திறக்கும். விடுதியின் வலிமை இதுவே.

அக்கதவு எல்லோர்க்கும் திறந்ததா? இல்லை. உரிமையாளர் இசைவின்றி அடிமைகளுக்கு மது விற்றல் குற்றம். உரிமைகள் முழங்கிய அதே ராலே விடுதியின் வாயிலில் அடிமைகள் ஏலம் விடப்பட்டனர். அதே நகரில் ஜேன் வோப் என்ற பெண்மணி கிங்ஸ் ஆர்ம்ஸ் விடுதியை நடத்தினார். ஒரு பெண் தன் பெயரில் தொழில் நடத்த இடம் தந்த அவ்வில்லத்திலும் அடிமைகளே உழைத்தனர். அவர்களுள் ஒருவரான கோவன் பாம்ஃப்லெட் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகரானார். 1793இல் விடுதலையும் பெற்றார்.

ஆகவே, பொதுவிடம் ஒன்றை மதிப்பிடும்போது அங்கே என்ன பேசினார்கள் என்பது மட்டும் போதாது. யார் அமர்ந்தனர், யார் நின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைப் பல நிலைகளிலும் சோதித்த பின்னரே நாம் முடிவு எழுதுகிறோம். வரலாற்றுக்கும் அதுவே முறை.

நண்பர்களே! ஊரைவிட்டு வந்த நமக்கும் விடுதிச் சாலையின் தேநீர்க்கடையே மன்றம். அங்கே சமத்துவம் பற்றிக் காரசாரமாக வாதிடுகிறோம். குவளைகளை எடுத்துச் செல்பவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?