ஏழு பேர், ஒரு வண்டி: எர்டிகாவா, மின்சாரமா?

கேள்வி: நான் கம்மாபுரத்தில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. கணவருக்கு நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்டு வேலை. மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள் என்று வீட்டில் ஏழு பேர். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நடமாட்டம் குறைந்துவிட்டது. மடக்கும் சக்கர நாற்காலியோடு மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். கணவர் வேலைக்குப் போவது, பிள்ளைகளை டவுன்ஷிப் பள்ளியில் விடுவது எல்லாம் சேர்த்து நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓட்டம். வருடத்துக்கு ஒரு தடவை சபரிமலை.

ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி ‘ஸ்டேஷன் வேகன்’ வைத்திருக்கிறான், அதுவும் மின்சார வண்டி. “அக்கா, நீங்களும் அதையே வாங்குங்கள்” என்கிறான். கணவருக்கு எர்டிகாதான் பிடிக்கிறது. “நம்ம ஊர் நிலத்தைத் தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியை எரித்துத்தானே கரண்டு வருகிறது, இதில் என்ன சுத்தம்?” என்று கேட்கிறார். தானே புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை மாமனார் நினைவுபடுத்துகிறார். சொந்த வீடு, முன்னால் வாசல், மேலே மொட்டைமாடி இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: சகோதரி, உங்கள் தம்பியின் யோசனை அவர் ஊருக்குச் சரி. ஃபோக்ஸ்வாகன் பாசாட் அங்கே இப்போது வேகன் உருவத்தில் மட்டும்தான் விற்கிறது. மின்சாரத்தில் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஐ.டி.7 டூரர் இருக்கிறது. ஸ்டேஷன் வேகன் என்பது கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியைப் பெரிதாக்கிய தாழ்வான கார். நம் நாட்டிலும் அதைச் செய்து பார்த்தார்கள். 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, 2004-இல் டாடா இண்டிகோ மரீனா. ஒன்றும் நிலைக்கவில்லை. நம் வீடுகளில் சாமான்களைவிட ஆட்கள் அதிகம். மூன்றாவது வரிசை சீட்டோடு 2012-இல் எர்டிகா வந்ததும் குடும்ப வண்டி என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. ஆகவே எர்டிகாவையும், அதே போல ஏழு பேர் உட்காரும் மின்சார வண்டியான கியா கேரன்ஸ் கிளாவிஸ் இ.வி.-யையும்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும். பி.ஒய்.டி. இமேக்ஸ் 7 நல்ல வண்டி, ஆனால் 26 லட்சத்துக்கு மேல் போகிறது. உங்களுக்கு அது வேண்டாம்.

முதலில் நாற்காலியைப் பார்ப்போம். எர்டிகாவில் ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். கிளாவிஸிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மடக்கிய சக்கர நாற்காலி அதில் நிற்காது. மூன்றாவது வரிசையில் ஒரு பாதியை மடித்துப் போட்டால் நாற்காலி படுக்கும், ஆறு பேர் போகலாம். சி.என்.ஜி. எர்டிகா வாங்கினால் மிச்சமிருக்கும் டிக்கியையும் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். செலவில் சி.என்.ஜி. சிக்கனம்தான், ஆனாலும் மாமியாரின் நாற்காலிக்காக அதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். பெட்ரோலா, மின்சாரமா என்பதுதான் மீதி.

கணக்குக்கு வருவோம். மாதம் 1,600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். எர்டிகா பெட்ரோலில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஏ.சி. போட்டு, ஆள் நிறைய ஏற்றி, ஊர்ச் சாலையில் ஓட்டினால் 15 கிடைக்கும். லிட்டர் 102 ரூபாய் என்றால் இரண்டு மாதத்துக்கு 21,000 ரூபாயைத் தாண்டும். மின்சார வண்டிக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 முதல் 6.5 கிலோமீட்டர். அதாவது மாதம் ஏறக்குறைய 250 யூனிட், பில் வரும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்.

விற்பனையாளர்கள் விட்டுவிடுகிற இடம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் யூனிட் 4 ரூபாய் என்று போட்டுக் காட்டுவார்கள். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்றால், வண்டி வந்ததும் 900 ஆகும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கட்டண அடுக்கே மாறிவிடும். மேலே போகிற யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் தொடங்கி 10 ரூபாயையும் தாண்டும். வண்டியால் மட்டும் கூடுகிற பில் இரண்டு மாதத்துக்கு 4,500 முதல் 5,000 ரூபாய். அப்படியும் பெட்ரோலோடு பார்த்தால் வருடத்துக்கு ஒரு லட்சம் மிச்சம்.

இந்த ஒரு லட்சத்தை வைத்து விலை வித்தியாசத்தைத் தீர்க்க வேண்டும். கிளாவிஸ் இ.வி. 2025 ஜூலையில் 17.99 லட்சத்துக்கு அறிமுகமானது. மின்வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். எர்டிகா நான்கு மீட்டருக்கு மேல் நீளம், இன்ஜினும் 1,200 சி.சி.க்கு மேல், அதனால் 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் 40 சதவீதம் கட்டுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் எர்டிகா 13 லட்சத்தை ஒட்டி ரோட்டுக்கு வந்துவிடும். வித்தியாசம் ஆறு லட்சம், வட்டி தனி. ஆக ஆறேழு வருடத்தில் சரியாகும். மின்வாகனங்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்துவரும் சாலை வரி விலக்கையும் நான் இதில் சேர்த்திருக்கிறேன். நீங்கள் பதிவு செய்யும் நாளில் அந்த விலக்கு உங்களுக்கு உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இல்லையென்றால் சில லட்சம் கூடும், என் தீர்ப்பும் மாறிவிடும்.

கணவர் கேட்ட கேள்விதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. அவர் கேட்பது நியாயம். வளையமாதேவியில் 2023 ஜூலையில் நெய்வேலி சுரங்கத்துக்காகப் பச்சை வயலுக்குள் இயந்திரம் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. அந்த வட்டாரத்தில் இருப்பவரிடம் போய் ‘பசுமை வண்டி’ என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

அவர் கேள்வியை எடையில் வைத்துப் பார்க்கிறேன். நெய்வேலி நிலக்கரியில் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் ஒரு கிலோ எரிய வேண்டும். 100 கிலோமீட்டர் ஓட 16 யூனிட் என்றால் 16 கிலோ நிலக்கரி. அதிலிருந்து வெளிவரும் கரியமில வாயு 17, 18 கிலோ இருக்கும். எர்டிகா அதே 100 கிலோமீட்டருக்கு எரிக்கிற பெட்ரோல் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் புகைக்குழாயில் 15 கிலோ வரும். கச்சா எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவந்ததையும் சேர்த்தால் அதுவும் 18-ஐத் தொடும். பழுப்பு நிலக்கரியில் மட்டும் ஓடுகிற மின்சார வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கணவர் சொன்னது சரி.

ஆனால் உங்கள் வீட்டுக் கம்பியில் வருவது நெய்வேலி மின்சாரம் மட்டுமில்லை. அங்கே விளைவது கர்நாடகம், கேரளம், ஆந்திரம் வரை போகிறது. உங்களுக்கு வருவதில் கன்னியாகுமரி, திருநெல்வேலிக் காற்றாலையும் கமுதி சூரியத் தகடும் கலந்திருக்கின்றன. இந்திய மின்தொகுப்பின் சராசரியை எடுத்துக்கொண்டால் அதே 100 கிலோமீட்டருக்கு 11, 12 கிலோதான் வரும். பெட்ரோல் வண்டி வாங்கிய நாளில் எரிப்பதைத்தான் பத்து வருடம் கழித்தும் எரிக்கும். மின்சார வண்டியின் கணக்கு, தொகுப்பில் காற்றும் வெயிலும் கூடக் கூட இறங்கிக்கொண்டே போகும்.

மொட்டைமாடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 3 கிலோவாட் சூரியத் தகடு போடுங்கள். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நாளைக்குச் சுமார் 12 யூனிட் வரும். வண்டிக்கு வேண்டியது எட்டு, ஒன்பதுதான். பகலில் வண்டி சுரங்க வாசலில் நிற்கிறதே என்ற கவலை வேண்டாம். நெட் மீட்டர் இருந்தால் பகலில் விளைந்தது தொகுப்புக்குப் போய், இரவில் எடுப்பதோடு கழித்துக்கொள்ளும். வீட்டு பில்லும் 500 அடுக்கைத் தாண்டாமல் நிற்கும். அப்போது மாமியாரை ஜிப்மருக்குக் கொண்டு போகிற வண்டி எந்த வயலையும் தோண்டாமல் ஓடும். கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனவே தீர்ப்பு: உங்கள் வீட்டுக்கு மின்சார வண்டிதான், கூடவே மாடியில் தகடு. தகடு போட முடியாமல் போனாலும், வருடத்துக்கு 18,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வரை இது தாங்கும். ஓட்டம் 10,000-க்குள் இருக்கிற வீடு என்றால் தயங்காமல் எர்டிகாவைச் சொல்லியிருப்பேன். பேட்டரியில் சின்னதை, 42 கிலோவாட்-மணியையே எடுங்கள். 404 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், நிஜத்தில் 260, 270 வரும். ஜிப்மருக்குப் போய்வர 200-க்குள்தானே? 51.4 உள்ளது அறிமுகத்திலேயே 22 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பணம் தகட்டுக்குப் போகட்டும். சபரிமலைக்கு வழியில் இரண்டு இடத்தில் நின்று ஏற்ற வேண்டிவரும், கார்த்திகை, மார்கழியில் வரிசையும் இருக்கும். அந்த ஒரு பயணத்துக்கு வேன் பிடித்துவிடுங்கள்.

மாமனாருக்கு ஒரு பதில். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது உங்கள் மாவட்டம் பட்ட பாடு பெரியது. மாடித் தகடு அந்த நேரத்தில் உதவாது. தொகுப்போடு இணைந்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டி உதவும். கிளாவிஸிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம். இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, ஃபிரிட்ஜ் என்றால் நாளைக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். முழுக்க ஏற்றிய வண்டி ஒரு வாரம் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்த இரவே 100 சதவீதம் ஏற்றி வைத்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் மட்டும் எந்த வண்டியையும் இறக்காதீர்கள். பெட்ரோல் இன்ஜின் தண்ணீரை உள்ளே இழுத்தால் அதோடு போயிற்று. மின்சார வண்டியின் பேட்டரி அடைப்பு சற்று நேரம் தாங்கும் என்றாலும் சோதித்துப் பார்க்கிற இடம் வெள்ளமில்லை.

வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தினசரி ஓட்டத்துக்கு 15 ஆம்பியர் பிளக்கே போதும், பத்து மணி நேரத்தில் 30 யூனிட் ஏறும். மீட்டரிலிருந்து அதற்குத் தனி வயர், தனி டிரிப்பர் இழுக்க வேண்டும், மிக்ஸி ஓடுகிற லைனில் சொருகக் கூடாது. அதைவிட முக்கியம் எர்த். நிறைய வீட்டில் பெயருக்கு ஒரு குழாயை அடித்து விட்டிருப்பார்கள். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் அது ஏறிவிடும். சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும், விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும். புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பி இறக்கச் சொல்லுங்கள். கோடை முழுவதும் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது மாமியாரையும் நாற்காலியையும் கூட்டிப் போங்கள். பேட்டரி அடியில் இருப்பதால் மின்சார வண்டியில் தரை கொஞ்சம் உயர்ந்திருக்கும், முழங்கால் தூக்கினாற்போல வரும். நடுவரிசையில் அவரை அரை மணி நேரமாவது உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நாற்காலியிலிருந்து சீட்டுக்கு அவரை மாற்றுவது வீட்டில் யாரோ, அவரே அங்கேயும் மாற்றிப் பார்க்கட்டும். மாமியாருக்கு இடுப்பு வலித்தால் நான் மேலே போட்ட கணக்கை ஒதுக்கிவிட்டு எர்டிகாவில் உட்கார வைத்துப் பாருங்கள். பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம் உண்டு. ஆனால் மின்சார வண்டியைப் பார்க்கத் தெரிந்த சர்வீஸ் நிலையம் உங்களுக்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே கேட்டு வாருங்கள்.