சேக்கிழார் பார்த்த உழைப்பாளிகள்

கதை எழுத, படம் வரைய நம்மில் பலருக்கு ஆசை உண்டு. ஆனால், "காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வேலை. இதுல எங்க கற்பனை வரும்?" என்று விட்டுவிடுகிறோம்.

சேக்கிழாரும் வேலைக்குப் போனவர்தான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சர். அவர் பாடிய பெரியபுராணத்தில் 4,000-க்கும் அதிகமான பாடல்கள். அதில் மன்னர்கள் மட்டுமா வருகிறார்கள்? பானை செய்த திருநீலகண்டர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், மீன் பிடித்த அதிபத்தர், எண்ணெய் ஆட்டிய கலியர் எல்லாரும் வருகிறார்கள். சுந்தரர் சுருக்கமாகச் சொன்ன அடியார்களின் வாழ்க்கையைச் சேக்கிழார் விரித்துப் பாடினார்.

திருக்குறிப்புத் தொண்டர் கதையைப் பாருங்கள். சிவன் ஏழைத் தவசியாக வந்து, அழுக்குக் கந்தையைக் கொடுக்கிறார். பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தர வேண்டும். தொண்டர் துவைத்துவிட்டார், ஆனால் மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. சொன்ன வாக்கு தவறுதே என்ற தவிப்பில் துவைக்கும் கல்லில் தலையை மோதுகிறார். அங்கேயே இறைவன் கை எழுந்து அவரைப் பிடித்துக்கொள்கிறது. கடவுள் வந்தது கோயிலுக்கு இல்லை, வேலை நடக்கும் இடத்துக்கு.

இப்போது நம்ம பெடாஸுக்கு வருவோம். விடுமுறையில் நான் வேலை செய்த இடத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர், முன்பு தோட்டத்தில் பால் வெட்டியவர். "பட்டையை மட்டும் சீவணும் தம்பி. கட்டையில கத்தி பட்டா மரம் புண்ணாயிரும்" என்றார். பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்பே கத்தி நிற்க வேண்டும். அதை விடியாத இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் கைப்பழக்கத்திலேயே செய்திருக்கிறார். பொறியியல் படிக்கும் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. பெரட்டு, மங்கு, காண்டா வாளி போன்ற சொற்கள் நம் தாத்தா பாட்டியோடு போய்விடும். யாராவது எழுதி வைத்தால்தான் நிற்கும்.

இந்த வாரப் பயிற்சி:

1. உங்கள் வேலையிடத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டு, அவர் கை செய்வதைப் பத்து நிமிடம் கவனியுங்கள்.
2. அவர் கருவிகளுக்கு அவரே சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. பத்து வரி எழுதுங்கள், அல்லது ஒரு படம் வரையுங்கள். பரிதாபம் வேண்டாம், அவர் திறமை தெரியட்டும்.
4. முதலில் அவரிடமே காட்டுங்கள். தவறு என்று அவர் சொன்னால் திருத்துங்கள்.