நொட்டையும் திறனாய்வும்

'கார்ப்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் குளத்து மீன்தான் நினைவுக்கு வரும். அதே எழுத்துக்களில் ஒரு வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. சின்னஞ்சிறு குறைகளைத் தேடிப் பிடித்து, நியாயமின்றி, ஓயாமல் குறை கூறுவதே அதன் பொருள். மீனின் பெயர் பழைய பிரெஞ்சு மொழி வழியே வந்தது. வினைச்சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை.

இச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பழைய நோர்ஸ் மொழியில் இதன் மூலச்சொல்லுக்குப் 'பெருமையடித்தல்' என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் அது 'பேசுதல்' என்று பொருள்பட்டது. பின்னர் அது குறைகூறலைக் குறிக்கத் தொடங்கியது. லத்தீன் மொழியின் 'கார்ப்பெரே' என்னும் வினையின் செல்வாக்கே இதற்குக் காரணம் என்பர். அதன் பொருள் கொய்தல், பறித்தல். மரம் முழுவதும் காய்த்திருக்க, பூச்சி அரித்த ஓர் இலையை மட்டும் பறித்துக் காட்டுவதைப் போன்றதுதானே வீண் குறைகூறலும்!

'நிட்பிக்' என்ற இன்னொரு சொல்லும் இருக்கிறது. 'நிட்' என்றால் பேனின் முட்டை, அதாவது ஈர். தலையில் ஈர் பொறுக்குவதுபோல் குறை பொறுக்குவதை அது குறிக்கிறது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதாக நம் மொழியிலும் சொல்வார்களே! எங்கள் அக்கரைப்பற்றில் இதற்கு 'நொட்டை சொல்லுதல்' என்பார்கள். கறி முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்று மட்டும் சொல்லி எழும்புவோரை நாம் அறிவோம்.

அப்படியானால் குறையே சொல்லக்கூடாதா? சொல்லலாம். 'திறனாய்வு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: திறனை ஆய்தல். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் தமது நூலொன்றுக்குத் 'திறனாய்வுக் கட்டுரைகள்' என்றே பெயரிட்டார். திறனையும் கண்டு குறையையும் காட்டுவது திறனாய்வு. குறையை மட்டும் பறித்தெடுப்பது நொட்டை.

இந்த வேறுபாட்டை நம் நாட்டு இலக்கிய வரலாறும் காட்டுகிறது. 1960களில், மக்களின் பேச்சுமொழியில் கதை எழுதியோரைப் பண்டிதர் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். கதைகளில் இருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு மொழியை மட்டுமே பறித்தெடுத்தனர். ஆயினும் அந்த அணியைச் சேர்ந்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. இன்று பேச்சுமொழியில்லாத ஈழத்துச் சிறுகதையைக் காண்பதே அரிது.

ஆனால் எல்லோரும் அவர்களைப்போல் தாங்கி நிற்பதில்லை. எனது தோழி ஒருத்தி நல்ல கவிதைகள் எழுதுவாள். அவள் கவிதையைப் படித்த ஒருவர், "உம்மா, ராத்தா எல்லாம் கவிதைச் சொல்லா?" என்று கேட்டார். கவிதையைப் பற்றி வேறொரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் அதற்குப் பிறகு எழுதவேயில்லை.

தோழியரே, ஒருவரின் ஆக்கத்தைப் பற்றிப் பேசுமுன் மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்போம். முழுவதையும் படித்தேனா? நன்றாக அமைந்ததையும் சொன்னேனா? நான் சொல்வதைக் கொண்டு அவர் திருத்திக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அது திறனாய்வு. இல்லையென்றால் அது நொட்டை. அதனால் ஒரு கொப்பி நிரந்தரமாக மூடப்படலாம்.