காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: இ.சி.எம். மாற்றிய கதை

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் உள்ளன? "ஒன்றுதான், அதுவும் போன மாதம் வாங்கியது" என்பீர்கள். வாசலில் கார் நின்றால் கணக்கில் இன்னொன்றைச் சேர்த்துக் கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வாங்கிய பைக் என்றாலும் பெரும்பாலும் அப்படித்தான். என்ஜின் கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக இ.சி.எம். எனப்படும் சிறிய அலுமினியப் பெட்டி அது. அதற்குள் பிராசஸர், மெமரி, புரோகிராம் எல்லாம் உண்டு. மானிட்டரும் கீபோர்டும்தான் இல்லை.

எங்கள் ஊர் அரியலூர் பக்கம். அம்மாவுக்கு வாரம் இருமுறை பெரம்பலூரில் டயாலிசிஸ். அப்பாதான் 2012 மாடல் காரில் அழைத்துச் செல்வார். ஒரு நாள் திரும்பி வரும்போது, பேரளி அருகே ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி. டிரைவர் பிரேக் பிடித்ததால் தப்பித்தார்கள். அரை மணி நேரம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல் கார் ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரமும் இதே கதை. ஒர்க் ஷாப்பில் முதலில் ஒரு சென்சார் மாற்றினார்கள், பிறகு பெட்ரோல் பம்ப். பதினோராயிரம் ரூபாய் போனதுதான் மிச்சம். "வித்துடலாம்டா" என்றார் அப்பா. நான் லேப்டாப்புடன் ஊருக்குப் போனேன்.

இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? என்ஜின் நிமிடத்திற்கு 3000 முறை சுற்றினால் வினாடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் என்றால் வினாடிக்கு 100 முறை தீப்பொறி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதை இதுதான் முடிவு செய்கிறது. 1967-ல் ஃபோக்ஸ்வாகன் காரில் வந்த பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் இதில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் வேலையை மட்டும் டிரான்சிஸ்டர்களை வைத்தே செய்தது. மைக்ரோபிராசஸர் கடைக்கு வந்ததே 1971-ல்தானே!

இனி லேப்டாப்பில் செய்ததைப் பார்ப்போம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஈ.எல்.எம்.327 சிப் உள்ள யு.எஸ்.பி. கேபிளை அதில் செருகி, இன்னொரு முனையை லேப்டாப்பில் செருகுங்கள். டிரைவர் இன்ஸ்டால் ஆனதும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பிரிவில் காம் போர்ட் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். எனக்கு காம்4. புட்டி புரோகிராமில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணையும் 38400 வேகத்தையும் கொடுத்து, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினேன். ஏ-டி-இஸட் என்று டைப் செய்து என்டர் தட்டியதும் கேபிள் தன் பெயரைச் சொன்னது. டயல்-அப் மோடத்துக்கு அனுப்பிய அதே பாணி ஏ.டி. கட்டளைகள்தான் இவை. அடுத்து 03 என்று அடித்தேன். பழுதுக் குறிப்புகளைக் கொடு என்று பொருள். வந்த பதில்: 43 06 01 00 00 00 00.

முதலில் உள்ள 43, நம் கேள்விக்கான பதில் என்பதற்கு அடையாளம். அடுத்த 06 01-தான் விஷயம். இதை பி0601 என்று படிக்க வேண்டும். இ.சி.எம்.மின் உள் மெமரியில் செக்சம் தவறு என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது "சிமோஸ் செக்சம் எரர்" என்று மிரட்டுமே, அதன் தம்பி!

உடனே புதிய இ.சி.எம். வாங்க ஓடாதீர்கள். சரியான மின்சாரம் கிடைக்காவிட்டாலும் நல்ல இ.சி.எம். உளறும். மல்டிமீட்டரை எடுத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரி நெகடிவ்வுக்கும் இ.சி.எம். எர்த் வயருக்கும் இடையே பார்த்தேன். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். எங்களுக்கு இரண்டுமே சரி. நெகடிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு இ.சி.எம். சாக்கெட்டைப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பின்களில் பச்சைக் களிம்பு. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. (மரத்தடியில் நிழலுக்குக் கார் நிறுத்துபவர்கள் கவனிக்கவும்.)

புதிதாக வாங்கினால் இருபதாயிரத்தைத் தாண்டும் என்றார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழையது நாலாயிரத்துக்குக் கிடைத்தது, பில்லுடன். பில் இல்லாமல் வாங்காதீர்கள், அது யாருடைய காரிலிருந்து வந்ததோ! இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். பார்ட் நம்பரின் கடைசி எழுத்தைப் பார்க்கவில்லை. அது வேறு மாடலுக்கானது. நல்லவேளை, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார்.

சரியான நம்பரைப் பொருத்திய பிறகும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னியது. இதுதான் இம்மொபிலைசர். சாவிக்குள் ஒரு சிப் உண்டு. இ.சி.எம். அதன் ரகசிய எண்ணை அடையாளம் கண்டால்தான் பெட்ரோல் விடும். வந்த பெட்டிக்கு வேறு யாருடைய சாவியோதான் தெரியும். எங்கள் சாவி விவரம் பழைய போர்டில் எட்டுக்கால் கொண்ட ஈப்ராம் சிப்பில் இருந்தது. திருச்சியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் நண்பர் புரோகிராமர் கருவியால் அதைப் படித்து ஃபைலாக சேவ் செய்தார். இரண்டாவது முறையும் படித்து வேறு பெயரில் சேவ் செய்யச் சொன்னேன். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் எஃப்-சி கட்டளையை /பி சேர்த்துக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டோம். வித்தியாசம் இல்லை. கெட்டது புரோகிராம் இருந்த மெமரிதான், சாவி விவரம் பத்திரமாக இருந்தது. அதைப் புது போர்டின் சிப்பில் எழுதினோம். அதற்கு முன் அந்தச் சிப்பில் இருந்ததையும் காப்பி எடுத்தோம், தவறினால் திரும்பிப் போக வழி வேண்டுமே.

சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது, என்ஜின் பிடித்துக் கொண்டது. ஏசி போடாமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டோம். முதலில் சற்று ஏறி இறங்கி, பிறகு சீரானது. மீண்டும் 03 கொடுத்ததில் பழுது எதுவும் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பெரம்பலூருக்கு நானே ஓட்டிச் சென்றேன். பேரளி வந்ததும் அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டார். தாண்டிய பிறகுதான் விட்டார்.

சிப்பில் இருந்து எடுத்த ஃபைல் இப்போது என் மெயிலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. பென் டிரைவை அப்பா ஆர்.சி. புத்தகத்துடன் ஒரே கவரில் போட்டு, "கார் சாவி" என்று எழுதி பீரோவில் வைத்திருக்கிறார்.