ஆய்வகக் கதை எழுதும் இளம் இயக்குநருக்கு



மரபணு ஆய்வகத்தைக் களமாக வைத்து உங்கள் முதல் த்ரில்லரை எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். தமிழில் அதிகம் பேர் தொடாத களம் இது. முதல் வேண்டுகோள்: பச்சை நிறத்தில் கொதிக்கும் குடுவை திரைக்கதையில் எங்காவது இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். டிஎன்ஏ கலந்த கரைசல் வெறும் தண்ணீரைப் போலத்தான் இருக்கும். விரல்நுனி அளவுள்ள பிளாஸ்டிக் குழாயில், ஒரு துளிக்கும் குறைவாக, நிறமில்லாமல் கிடக்கும். நோயைக் குணப்படுத்தப்போகும் குழாயையும் ஊரை அழிக்கப்போகும் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மேலே ஒட்டிய சீட்டைப் படிக்காமல் பிரித்தறிய முடியாது. ஒரு த்ரில்லருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

இந்த வகையில் பொறுமையாகப் பார்த்துப் படிக்க வேண்டிய படம் வின்சென்சோ நட்டாலியின் ‘ஸ்பிளைஸ்’ (2009). கிளைவ், எல்சா என்ற விஞ்ஞானி ஜோடி, ஒரு மருந்து நிறுவனத்துக்காகப் பல விலங்குகளின் மரபணுக்களைக் கலந்து இரண்டு உயிர்களை உருவாக்குகிறார்கள். அடுத்து மனித மரபணுவைச் சேர்க்க அனுமதி கேட்கிறார்கள், நிறுவனம் மறுக்கிறது. யாருக்கும் தெரியாமல் செய்துபார்க்கிறார்கள். பிறப்பது ட்ரென்.

அந்தப் படத்தின் மிகக் கூர்மையான காட்சியில் ட்ரென் இல்லவே இல்லை. பங்குதாரர்கள் நிறைந்த அரங்கில் அந்த முதல் இரண்டு உயிர்களையும் மேடையேற்றுகிறார்கள். அவற்றில் பெண்ணாக இருந்த ஜிஞ்சர் இதற்குள் ஆணாக மாறிவிட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று குத்திக் கிழிக்க, கண்ணாடித் தொட்டி சரிந்து முன்வரிசையெல்லாம் ரத்தம். அந்த மாற்றம் ஆய்வகத்திலேயே, அவர்கள் கண்முன்னேதான் நடந்தது. ட்ரென்னை ஒளித்து வளர்ப்பதில் மூழ்கியிருந்த இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனக்குறைவு எப்படி விபத்தாகிறது என்பதை அந்த ஒரே காட்சியில் சொல்லிவிட்டார் நட்டாலி. அதே படம் கடைசி அரைமணியில் காட்டுக்குள் துரத்தும் சிறகு முளைத்த மிருகத்தின் கதையாகிவிடுகிறது. அங்கே சரிந்தும் போகிறது. முன்பாதியைப் பாடமாகவும் பின்பாதியை எச்சரிக்கையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டாலிக்கு இந்தக் கதைக்கான பொறி ஒரு புகைப்படத்திலிருந்து கிடைத்தது. முதுகில் மனிதக் காது முளைத்ததுபோல் நிற்கும் சுண்டெலி. சார்லஸ் வக்கான்டியின் குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வு. மரபணுவைத் திருத்திவிட்டார்கள் என்று உலகமே பதறியது. உண்மையில் காதுக்காக எந்த மரபணுவையும் அவர்கள் தொடவில்லை. காது வடிவ அச்சில் மாட்டின் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து எலியின் தோலுக்கு அடியில் வைத்தார்கள், அவ்வளவுதான். பார்ப்பதற்கு அருவருப்பானது ஆபத்தில்லாததாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஓர் ஆய்வு விஞ்ஞானிகளையே தூங்கவிடாமல் செய்தது.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்தது அது. அந்நாட்டுத் தானிய வயல்களை எலிப்படை அவ்வப்போது சூறையாடும். எலிகளைக் கொல்லாமல் மலடாக்கினால் போதும் என்று நினைத்தார்கள் ரான் ஜாக்சன், இயன் ராம்ஷா குழுவினர். எலியம்மை வைரஸில் எலியின் கருமுட்டைப் புரதத்துக்கான மரபணுவை ஏற்றினார்கள்; உடல் தன் கருமுட்டையையே எதிரியாக நினைத்துத் தாக்கும் என்பது கணக்கு. எதிர்ப்பொருள் இன்னும் நன்றாகச் சுரக்கட்டும் என்று இன்டர்லியூக்கின்-4 என்ற புரதத்தின் மரபணுவையும் சேர்த்தார்கள். எலிகள் மலடாகவில்லை, செத்தன. எலியம்மையை இயல்பாகவே தாங்கும் வகை எலிகளும் செத்தன; தடுப்பூசி போட்டவற்றிலும் பல பிழைக்கவில்லை. எலியம்மை மனிதரைத் தொற்றாது. ஆனால் இதே வித்தையை மனித அம்மையில் யாராவது செய்துபார்த்தால்? வெளியிடுவதா, பூட்டிவைப்பதா என்று நெடுநாள் யோசித்து, 2001-இல் வெளியிட்டார்கள்.

இந்த நிகழ்வில் வில்லன் எங்கே இருக்கிறான், பாருங்கள். பேராசைக்காரன் இல்லை, பைத்தியக்கார மேதை இல்லை. உழவருக்கு உதவ நினைத்த நல்லவர்கள், காலையில் கூண்டைத் திறந்து செத்த எலிகளைப் பார்க்கிறார்கள். அந்த அறையில் யார் முதலில் வாய் திறந்திருப்பார்? என்ன சொல்லியிருப்பார்? உங்கள் இடைவேளைக் காட்சியை அங்கே தேடுங்கள்.

தெரிந்தே வரம்பு மீறியவனின் கதைதான் வேண்டும் என்றால் ஹே ஜியான்குயியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக யூடியூபில் சிரித்த முகத்தோடு அறிவித்தார் அந்தச் சீன விஞ்ஞானி. எச்ஐவி தொற்றாமல் காக்கவே செய்ததாகச் சொன்னார். அறநெறிக் குழுவின் ஒப்புதல் ஆவணம் போலி என்று பின்னர் தெரிந்தது. 2019 டிசம்பரில் ஷென்சென் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. இந்தக் கதையின் ஆயுதம் ஒரு பொய்க் கையெழுத்து. திரையில் அந்தத் தாளுக்கு ஒரு குளோசப் கொடுக்கலாம், தவறில்லை.

கற்பனைக்கு வரம்பு எது என்று கேட்பீர்கள். ஏ.ஆர். முருகதாஸின் ‘ஏழாம் அறிவு’ (2011) போதிதர்மரின் திறமைகளை அவர் வழித்தோன்றலின் டிஎன்ஏவிலிருந்து எழுப்பியது. மரபணு புரதம் செய்யும் குறிப்பைத்தான் கடத்தும். முன்னோர் கற்ற வர்மக்கலையைக் கடத்தாது. ஆனாலும் ஒரு படத்துக்கு அப்படி ஒரு தாவல் உண்டு. ஒன்றே ஒன்று. அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் கறாராக எழுத வேண்டும். ஸ்டீவன் சோடர்பெர்கின் ‘கன்டேஜன்’ (2011) அந்த ஒரு தாவலைக்கூட எடுக்காமல் ஜெயித்தது. வைரஸ் ஆய்வாளர் இயன் லிப்கின் அதற்கு ஆலோசகர். ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற கணக்கை கேட் வின்ஸ்லெட் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார்; எதிரே இருப்பவர்கள் புரியாமல் முறைக்கும் உள்ளூர் அதிகாரிகள். விளக்கம் அங்கே வாக்குவாதமாகிவிடுவதால் பாடம் நடத்துவதுபோல் தெரிவதில்லை.

எழுதும் முன் ஓர் ஆய்வகத்துக்குள் ஒரு முழு நாள் உட்காருங்கள். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் இரைச்சலைக் கேளுங்கள். உச்சக் காப்பு நிலையான நான்காம் நிலை ஆய்வகம் இந்தியாவில் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் உள்ளே போக முடியாது. ஆனால் அத்தகைய இடத்தில் காற்று எப்போதும் உள்நோக்கியே இழுக்கப்படும், காற்று நிரப்பிய உடைக்குள் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடச் சரியாகக் கேட்காது என்று தெரிந்துகொண்டால் உங்கள் ஒலி வடிவமைப்பாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. மரபணுப் படங்களில் விஞ்ஞானி இருப்பார், முதலாளி இருப்பார், மிருகம் இருக்கும். நோயாளி மட்டும் இருக்கமாட்டார். 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைச் சோதனையில் பங்கேற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கருக்கு வயது 18. அவருக்குப் பிறவியிலேயே கல்லீரல் நொதிக் குறைபாடு. உணவுக் கட்டுப்பாட்டிலும் மாத்திரையிலும் சமாளித்துக்கொண்டிருந்தார். இதே நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்று முன்வந்தார். வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்திய நான்காம் நாள் இறந்தார். அதற்கு முன் அதையொத்த சிகிச்சையில் குரங்குகள் இறந்திருந்தன. அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அந்தச் செய்தி இல்லை. உங்கள் படத்தில் அந்த வயதுப் பையன் ஒருவனுக்கு இடம் கொடுங்கள். அவனுக்குப் பெயர் வையுங்கள், வீட்டைக் காட்டுங்கள், படிவத்தை வாங்கிப் படிக்கும்போது ஒரு கேள்வியாவது கேட்கவிடுங்கள்.